பின்னணி, ரீல் 1 முதல் 4 வரை

நிலவு ஒலிக் காப்பகம்
காப்பாளர்: பிலோமினா

நாள் 2,214. காலை 07:00

வெப்பம் பத்தொன்பது டிகிரி. மூன்று நினைவகங்களும் ஓடுகின்றன. காப்பித்தூள் தீர்ந்து பதினோரு நாள்.

வழக்கம்போல் சூசைநாதன் மாஸ்டரின் சிம்பொனி கேட்டேன். நானூறு படத்துக்கு இசையமைத்தவர் படமே இல்லாமல் எழுதியது இது ஒன்றுதான். மூலநாடா பூமியில் பூஞ்சை பிடித்துப் போனது. உலகத்தில் மிச்சம் இங்கே இருக்கும் பிரதி மட்டும். நடுவில் நிலையத்தின் அறிவிப்புக் குரல் "நேரம் ஏழு" என்றது. உடனே இசை தானாகத் தாழ்ந்தது. யார் வாயைத் திறந்தாலும் இசை பணிய வேண்டுமாம், அப்படி அமைத்திருக்கிறார்கள். எரிச்சல்.

13:05

விண்கல் மோதியது. இரண்டு நினைவகங்கள் போயின. குளிரூட்டும் வாயு கூடத்துக்குள் கசிகிறது, வாசனை கிடையாது. ஆக்சிஜன் நான்கு மணி வரை தாங்கும் என்று கணக்கு. மீட்புக் கலம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஆள்தான் ஏறலாம், கோப்பு ஏற்ற வழியில்லை.

மிஞ்சிய நினைவகத்தில் இடம் போதாது. 16:00 மணிக்கு நிலையம் அழிக்கத் தொடங்கும். முதலில் போவது "பின்னணி இசை". பட்டியலில் முதல் வரி மாஸ்டரின் சிம்பொனி.

13:40

பூமியில் பணியில் இருப்பவன் வேலப்பன். அவசர ரேடியோவில் பேச்சே கரகரக்கிறது, இசையை அனுப்ப வழியில்லை.

"அக்கா, பேக்ரவுண்ட் மியூசிக்தானே? பாட்டெல்லாம் பத்திரமா இருக்கு. நீங்க மொதல்ல கலத்துல ஏறுங்க."

"அது சிம்பொனிடா. வகைய மாத்து."

"லேபிள்ல அப்படித்தானே போட்டிருக்கு. மாத்தணும்னா கமிட்டி உக்காரணும்க்கா. திங்கக்கிழம."

கமிட்டி தலையில் இடி விழ.

14:10

லேபிள் எழுதியவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் படத்துக்கு என்றால்தான் ஸ்டூடியோ கிடைக்கும். படமில்லாமல் அறுபது வயலின் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் இல்லாத ஒரு படத்தின் ரீரெக்கார்டிங் என்று புக் செய்தோம். மாஸ்டரின் உதவியாளரான நான் நாடாப் பெட்டியில் "பின்னணி, ரீல் 1 முதல் 4 வரை" என்று மணி மணியாக எழுதினேன். பிறகு அதை மாற்ற மறந்தேன். ஆயுள் முழுக்க அடுத்தவன் வசனத்துக்குப் பின்னால் நின்ற மனுஷன். அவரை மறுபடியும் பின்னால் தள்ளியது என் கையெழுத்து.

14:45

இந்தக் குறிப்பேட்டை எவனாலும் அழிக்க முடியாது. தனி இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் கோப்பு எதையும் வாங்காது. மைக்கில் கேட்பதைத்தான் பதியும், அதுவும் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தால்.

சிம்பொனி நாற்பத்திரண்டு நிமிடம். உட்காருகிறேன்.

14:58

ஒத்திகை பார்த்தேன். இரண்டாம் நிமிடத்தில் "ஆக்சிஜன் குறைகிறது" என்று குரல் வந்தது, வயலின்கள் அத்தனையும் அடங்கின. இங்கேயுமா? எச்சரிக்கைக் குரலை அணைத்துவிட்டேன்.

வேலப்பன் கத்துகிறான். "அக்கா, அது இல்லன்னா கேஸ் ஏறுறதே தெரியாது. சொன்னா கேளுங்கக்கா." நல்ல பையன். ரேடியோவையும் அணைத்தேன். கணக்குப்படி நேரம் இருக்கிறது.

15:05

நாற்காலி வாரை மாட்டிக்கொண்டேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: அடுத்த பதிவை முழுதாகக் கேளுங்கள், கேட்கும்போது பேசாதீர்கள். தொடக்கத்தில் வருவது மாஸ்டரின் குரல். அன்று வாத்தியக்காரர்களிடம் சொன்னது.

"இன்னிக்கு யாரும் குறுக்க பேச மாட்டாங்க. தாராளமா வாசிங்க."

15:47 (தானியங்கிப் பதிவு)

15:21 கசிவு அதிகரித்தது. எச்சரிக்கை ஒலிக்கவில்லை: காப்பாளர் உத்தரவு.

ஒலிக் குறிப்பு சேமிக்கப்பட்டது. நீளம் 42 நிமிடம். நாற்காலியில் ஆள்: ஒருவர்.

முதன்மை ஒலி: இசை.

பின்னணி: மூச்சு, 31ஆம் நிமிடம் வரை.