ஆச்சுங்க

வெள்ளிக்கிழமை. கள்ளக்குறிச்சி, அக்கா வீடு.

தூக்கம் வரவில்லை.

கல்வராயன் மலைக்காரர்களுக்குச் சாப்பிட்ட பிறகும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில்லை என்பதுதான் என் கண்டுபிடிப்பு. அதற்கு விளக்கம் தேடி, உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களையெல்லாம் கணினியில் ஒரு வலையாகப் பின்னினேன். அந்த வலையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பாதை இருப்பதாக மேடைக்கு மேடை பேசினேன். கைதட்டலும் வாங்கினேன்.

இன்று மலையில் மறுபடி ரத்தம் எடுக்கப் போனோம். ஊசி குத்துவதற்கு முன் வழக்கம்போல நானே கேட்டேன், "சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சுங்க" என்றாள் அந்தப் பெண்.

‘சாப்பிட்டவர்’ என்று குறித்துக்கொண்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தேன்.

"நேத்து மதியானம் கஞ்சி குடிச்சதுங்க."

"அப்ப ஏம்மா ஆச்சுன்னு சொன்னீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூடு தேடி வந்து கேக்கறீங்க. இல்லன்னா சொல்லுவாங்க?"

இறங்கி வரும் வழியெல்லாம் ஜீப்பில் ‘சாப்பிட்டவர்’ பட்டியலையே புரட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? சாப்பிடாதவர்களுக்குச் சர்க்கரை எப்படி ஏறும்? இத்தனை வருடம் நான் வரைந்துகொண்டிருந்தது பசியையா? திங்கட்கிழமை கல்லூரியில் என் மாணவர்கள் முன் எந்த முகத்தோடு போய் நிற்பது?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா கேட்டாள், "இன்னாடா, இம்மா நேரம்? சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

காலையில் குடித்த டீயோடு சரி. வயிறு இரைந்துகொண்டே இருக்கிறது.