ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம்

என்னங்க, போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதனால்தான் இந்தச் சீட்டு. வாடகைக் கார் வேண்டவே வேண்டாம்! நம் பிக்கப் வண்டியில் ஏசி ஜில்லென்று வருகிறது! மகளையும் பிறந்த பேரனையும் ஆஸ்பத்திரியிலிருந்து அதிலேயே கூட்டிவரக் கிளம்புகிறேன்.

நேற்று நீங்கள் ஏசிக்குப் புது கண்டென்சரை மாட்டி, கேஸும் அடித்துவந்தீர்கள். விடிவதற்குள் அத்தனையும் கசிந்துபோயிற்று. "கடைக்காரன் ஓட்டைய நம்ம தலையில கட்டிட்டான்" என்று குதித்தீர்கள். "எதுக்கும் ஒருதடவ கழட்டிப் பாப்போமே" என்று நான் சொன்னதற்கு, "உனக்கென்ன தெரியும்?" என்று வாடகைக் கார் பேசக் கிளம்பிவிட்டீர்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்கள் ஸ்பானரை எடுத்து நானே கழற்றினேன். கண்டென்சரில் ஒரு குறையும் இல்லை. குழாய் முனையில் இருந்த பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே, அதன்மேல் புதியதையும் மாட்டியிருக்கிறீர்கள்! கசியாமல் என்ன செய்யும்? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

பழையதை உருவிவிட்டு, திரும்ப மாட்டி, மெக்கானிக்கிடம் ஓட்டிப்போய்க் கேஸ் அடித்துவந்தேன். "யாரு மாட்டினது? கச்சிதமா இருக்கே!" என்றார் அவர். தரையில் கால் நிற்கவில்லை எனக்கு.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மூடிமேல் இருப்பது அந்தப் பழைய வளையம். சாப்பிட்டுவிட்டுத் தொட்டிலை ஜன்னலோரமாகத் தள்ளிப் போடுங்கள்.

கோபமெல்லாம் போய்விட்டது. மகளிடம் மூச்சு விட மாட்டேன். அப்பாதான் சரிசெய்தார் என்றே சொல்வேன்.

பி.கு.: இப்போதுதான் அவள் போன் செய்தாள். வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறதாம். பேரனிடம் மட்டும் உங்கள் மானம் பத்திரம்.