கார்பெட்டுக்கு அடியில் மிளகு

மார்கழி 18, வியாழன்

பழைய காரின் கார்பெட் வெளுத்துப் போயிருந்தது. சாயம் ஏற்றலாம் என்று காலையில் கழற்றினேன். கழற்ற வேண்டாம் என்று என் மச்சினன் செல்வம் நேற்றுகூடச் சொன்னான். "பிஞ்சு போயிரும் மாமா. மேலாப்புலயே அடிச்சுக்கலாமுங்க."

பின்சீட்டுப் பக்கம் தூக்கினால் அடியில் ஐந்தாறு மிளகு. ஒன்றை நசுக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். முற்றுவதற்கு முன் பறித்தால் அப்படித்தான் காயும்.

நாங்கள் இந்த வருஷம் இன்னும் எங்கள் தோட்டத்து மிளகுக்கொடியில் கை வைக்கவில்லை. மூட்டை ஏற்றுவதும் பஸ்ஸில்தான், காரில் இல்லை. போன மாதம் கீழ்க்காட்டுக் கொடிகள் காயில்லாமல் மொட்டையாக நின்றபோது, "குருவி தின்னுருக்குமுங்க" என்றவன் செல்வம். அதே வாரம் ஆஸ்பத்திரிக்கு என்று காரை வாங்கிப் போனவனும் அவன்தான்.

மனைவியிடம் காட்டினேன்.

"கார் வாங்கறப்பவே கெடந்திருக்கும். எம் பொறந்தவனப் போயி சந்தேகப்படறீங்களா?"

விற்றவர் சேலம் டவுன்காரர். அவருக்கு ஏது மிளகுக்கொடி? கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளைக்குச் சாயம் அடிக்கச் செல்வம் வருகிறான். மிளகைக் கிடந்த இடத்திலேயே போட்டுக் கார்பெட்டை மேலே விரித்து வைத்தேன். அவனையே தூக்கச் சொல்லி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எண்ணம்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மனசு கேட்காமல் போய்த் தூக்கிப் பார்த்தேன். அடியில் சுத்தமாகப் பெருக்கியிருக்கிறது. ஒரு மிளகுகூட இல்லை.

வீட்டில் இருப்பது நானும் அவளும் மட்டும்தான்.