ஐந்தாவது மென்பொருள்

என் கோபக்காரிக்கு,

வீட்டுக் கணினிக்கான நகல் எடுத்து வைக்கும் ஐந்து பேக்கப் மென்பொருள்களைச் சோதித்து எழுதச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். ஒரு வாரமாக அதே வேலை, இடுப்பு விட்டுப்போயிற்று. அசலை அழித்துவிட்டு மீட்டுப் பார்த்தால்தான் எதை நம்பலாம் என்று தெரியும். தொலைந்தால் எனக்கு வலிக்க வேண்டும், இல்லாவிட்டால் அசட்டையாகச் சோதிப்பேன். அதனால் நம் கல்யாணப் படங்களை எடுத்துக்கொண்டேன்.

நான்கு மென்பொருள்கள், நீ கண்ணை மூடியிருக்கும் படம் உட்பட எல்லாவற்றையும் திருப்பித் தந்தன. ஐந்தாவது, "வெற்றி" என்று காட்டிவிட்டுக் காலி ஃபோல்டரைக் கொடுத்தது. அதை மூடி மூடித் திறந்து பார்த்தேன், பென்டிரைவில் இன்னொரு நகல் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பெட்டியோடு வாசலில் நின்று, "அந்த போட்டோவெல்லாம் மொதல்ல அழிச்சிடுங்க" என்றாயே.

நீ சொன்னபடி அழித்தேன். ஐந்து தடவை.

இன்னும் அதே வீட்டில் இருப்பவன்