தண்ணீர் தொட்ட குச்சி

உன் மகள் நேற்றுக் காலை என் கடைக்கு வந்தாள். உன் கருமாதி முடிந்து மூன்றாம் நாள். பழைய வேட்டித் துணியில் சுற்றிய இரண்டு மூங்கில் குச்சிகளைப் பஞ்சர் ஒட்டும் பலகைமேல் வைத்து, "சித்தப்பா, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அப்பா சொல்லிகினே இருந்தாரு" என்றாள். துணியை அவிழ்த்ததும் பெண்ணையாற்றுச் சேற்று வாசனை அடித்தது. இத்தனை வருஷம் கழித்து மூங்கிலில் வாசனை தங்க வழியில்லை. ஆனாலும் எனக்கு அடித்தது. போகிற போக்கில் அவள் ஒன்று கேட்டாள். நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

உன்னிடம் சொன்ன பொய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது பொய் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வராமலே உன்னை எரித்துவிட்டு வந்தேன். இப்போது எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பதுதான் எனக்கு வசதி.

பிரெஞ்சுக் கொடி மாறுவதற்கு முன் நீ சோரியாங்குப்பத்துச் சுங்கச் சாவடியில் காவல் நின்றாய். இக்கரை பிரெஞ்சு, அக்கரை இந்தியா, நடுவே ஆறு. ஆறு வருஷம் அந்தக் கரையில் நின்று, அக்கரையில் ஒருவன் பீடி பற்ற வைத்தால்கூட யார் என்று சொல்லுவாய். நான் பாகூரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். உன் சைக்கிளின் செயின் வாரத்துக்கு ஒருமுறை கழன்றுகொள்ளும், அப்படித்தான் பழக்கம். பிரெஞ்சு துரைகளைக் கூப்பிடுவதுபோல உன்னை நான் 'முசே' என்று கிண்டல் செய்வேன். கொடி மாறியது, சாவடி காலியானது, உன் வேலையும் போனது. மற்றவர்கள் புலம்பினார்கள். நீ மட்டும், "இனிமே நடு ஆத்துக்குப் போலாம்டா" என்றாய்.

நடு ஆற்றில் ஒரு திட்டு இருந்தது. நாணல் ஆள் உயரம் வளர்ந்திருக்கும். நத்தைக்குத்தி நாரைகள் வந்து இறங்குவதை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு நாளும் கால் வைத்ததில்லை. காவல்காரனே எல்லையைத் தாண்ட முடியுமா? நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே அப்படித்தான். இக்கரையின் ஆழமும் சுழலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம், நடுவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பாதி ஆற்றை வைத்துக்கொண்டு முழு ஆறும் தெரியும் என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவோம். ஏரிக்கரை வழியாகச் சைக்கிள், பிறகு கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு, கடைசியில் மணலில் நடை. நீர்நாய் குட்டிகளோடு கரையேறி உடம்பை உதறியதை முதன்முதலில் பார்த்தபோது நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். வளையல் போட்டிருந்தால் உடைந்திருக்கும்.

உன் ஏற்பாடு ஒன்று உண்டு. தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு மூங்கில் குச்சியை நடுவாய். நீ பறவைகளைத் தேடி மணலில் இறங்கிப் போவாய். நான் சைக்கிள்களோடு குச்சியருகே உட்காருவேன். தண்ணீர் குச்சியைத் தொட்டால் நான் சைக்கிள் மணியை அடிக்க வேண்டும். "இங்க மழ பேயணும்னு இல்லடா. மைசூர்ல பேஞ்சா போதும். வெயில் அடிச்சிகினே இருக்கும், தண்ணி வந்துடும்" என்பாய்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, குச்சி நனைந்தது என்று மணி அடித்தேன். நீ மூச்சிரைக்க ஓடிவந்தாய். பார்த்தால் காற்றில் எழுந்த சிற்றலை. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று மாலை டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "நம்மாளுக்கு அலை அடிச்சாலே வெள்ளம்பா" என்றாய். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. இப்போது சொன்னால் அற்பமாக இருக்கிறது, ஆனால் எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு நீ முதன்முதலாகத் திட்டுக்கே போனாய். இடுப்பளவுத் தண்ணீர்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நம் பக்கத்து மணலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பூங்காவனம் என்ற பெண் என்னைப் பார்த்து, "இன்னா சார், வாத்து தண்ணியில எறங்கவே மாட்டேங்குது. எனக்கு நல்லாப் படல" என்றாள். வாத்துகள் தாமாகவே வரிசை கட்டிக் கரையேறிக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் வாத்து தண்ணீரை விட்டு ஏறுமா? காலடியில் எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போயின. தண்ணீரில் நுரையும் அதன்மேல் காய்ந்த சருகும் மிதந்து வந்தன. நாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போயின. ஓர் ஆள்காட்டிக் குருவி மட்டும் உன் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. நீ குனிந்து மணலில் எதையோ தேடிக்கொண்டிருந்தாய்.

தண்ணீர் குச்சியைத் தொட்டது.

நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். மணியின்மேல் விரலும் வைத்தேன். டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. இதுவும் அலையாக இருந்துவிட்டால்? குச்சியைப் பிடுங்கி இரண்டு சாண் மேலே நட்டேன். அங்கேயும் தொட்டால் அடிப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே தொட்டபோது மேற்கே ஓசை கேட்டது. பத்து வண்டி சரளையைச் சேர்த்துக் கொட்டுவதுபோல. நான் மணி அடித்த அடியில் அதன் மூடியே கழன்று விழுந்தது. நீ நிமிர்ந்தாய், ஓடிவந்தாய். பாதி ஆற்றில் இருக்கும்போது செங்காவித் தண்ணீர் உன்னைத் தூக்கியது.

பூங்காவனம்தான் உன்னைக் காப்பாற்றினாள். வாத்துப் பட்டிக்குக் கட்டும் வலையை வீசி, "புடி சார், வுட்டுடாத" என்று கத்தினாள். நானும் அவளும் இழுத்தோம். நீ வலையைப் பிடித்துவிட்டாய், ஆனால் அதற்குள் மிதந்து வந்த ஒரு பனங்கட்டை உன் முழங்காலில் மோதியது. கரையில் கிடந்து நீ கேட்டது ஒன்றே ஒன்று. "குச்சியப் பாத்துகினுதான இருந்த?"

"பாத்துகினுதான் இருந்தேன். திடீர்னு வந்துடுச்சி" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நாலு முட்டைடா. ஆள்காட்டி முட்டை. கூழாங்கல்லாட்டமே இருந்துது. எல்லாம் போயிருக்கும்" என்றாய்.

அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. உன்னால் சைக்கிள் மிதிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து நீயே கடைக்கு நொண்டிக்கொண்டு வந்தாய். "ஞாயித்துக்கெழம கேரியர் காலியாத்தான கீது?" என்றாய். அன்றிலிருந்து பதினோரு வருஷம், என் மூச்சு இடம் கொடுத்தவரை, உன்னைப் பின்னால் வைத்து நான் மிதித்தேன். பாவத்தை மிதித்தே தீர்த்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினால், "இறங்கட்டாடா?" என்பாய். வேண்டாம் என்பேன்.

முதல் நாளே உன் கையில் இரண்டு குச்சிகள் இருந்தன. ஒன்றை என்னிடம் கொடுத்து வழக்கமான இடத்தில் நடச் சொன்னாய். மற்றொன்றை ஊன்றிக்கொண்டு மணலில் போய், நீ உட்காரும் இடத்தில் தண்ணீர் ஓரமாக நட்டாய். எதற்கு இரண்டு என்றேன். "ஒண்ணு சாஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்பா" என்றாய். நான் நம்பினேன். நம்பத்தான் எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ தரம் வீணாக மணி அடித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் நீ எழுந்து வந்தாய். ஒரு தரம்கூட எதற்கு அடித்தாய் என்று கேட்கவில்லை. டீக்கடையில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

நேற்று உன் மகள் கேட்டது இதுதான். "எதுக்குப்பா ரெண்டு குச்சின்னு ஒரு நாளு கேட்டேன் சித்தப்பா. ஒண்ணு தண்ணியப் பாக்க, இன்னொண்ணு அவனப் பாக்கன்னாரு. அவன்னா யாரு?"

"சாவடியில கூட வேல செஞ்சவன் எவனாவது இருக்கும்மா" என்றேன்.

ஆக உனக்குத் தெரியும். நான் குச்சியை நகர்த்தியதைத் திட்டிலிருந்தே பார்த்தாயா, கரையில் கிடந்து என் முகத்தில் பார்த்தாயா, அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே அதே குச்சியை என் கையில் கொடுத்து, அதே இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, மடங்காத காலோடு மணலில் இறங்கிப் போனாயே. உன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு அறை விட்டிருந்தால் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

இன்று பிற்பகல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பளிச்சென்று வெயில். ஒரு குச்சியை நட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும், நுரை வந்தது, சருகு வந்தது, தண்ணீர் குச்சியைத் தொட்டது. என் கை தானாகக் குச்சியைப் பிடுங்கப் போனது. கையை இழுத்து மணியின்மேல் வைத்து அடித்தேன். கீழே நாணல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "இன்னா பெர்சு, யாரக் கூப்புடற?" என்றாள். தண்ணி வருது, மேல ஏறிடும்மா என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நாணல் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அப்பறமும் அப்பா ஒங்க சைக்கிள்லதான் குந்திகினு வந்தாரா?" என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வந்துவிட்டேன். குச்சிகள் இரண்டும் என் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன.