தொட்டியோரத்துப் பெட்டி

சோதனைக்காகத் தோல் தொழிற்சாலையில் மாட்டியிருந்த புதுப் பெட்டி இன்று காலை திரும்பி வந்தது. மூடியைக் கழற்றியதும் பச்சைத்தோல் வாடை. அந்த வாடையோடு நீயும் நினைவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

நாம் இருவரும் செய்த முதல் பெட்டியை ஆம்பூரில் ஒரு கழிவுத் தொட்டியோரம் மாட்டினோம். தொட்டிக்குள் விஷவாயு ஏறினால் சென்சார் அதை நெட்வொர்க் வழியாகச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டு சைரனை அலறவிடும். ஆனால் சில நாள் ஓடியதும் அது செவிடாகிவிடும். விளக்கு மட்டும் எரியும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாய்டுதும்மா. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றார் அந்தத் தொழிற்சாலை சூப்பர்வைசர்.

"அந்த நேரத்துல உள்ள ஆளு இருந்தா இன்னா பண்ணுவீங்கண்ணா?" என்று கேட்டாய்.

காரணத்தை நீதான் பிடித்தாய். சென்சாரிடமிருந்து வரும் பாக்கெட்டை, அதாவது செய்தித் துண்டை, வாங்கி வைக்க நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும், அதுதான் பஃபர். நிரம்பியதை மேலே அனுப்பிவிட்டு, நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் மைய நிரலான கர்னலிடம் புதிதாக ஒன்று வாங்கி வைப்பது, நெட்வொர்க் சிப்பை இயக்கும் நிரலான டிரைவரின் வேலை. நினைவகம் நெருக்கடியாகிக் கர்னல் கைவிரித்தால், நம் டிரைவர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டது. மறுபடி கேட்கவே இல்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரு பஃபர்கூட மிஞ்சவில்லை.

"புதுசு கைக்கு வந்தப்புறம்தான்டி பழசை விடணும். வரலன்னா அந்த ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, பழைய பஃபரையே திரும்ப வெச்சுக்கலாம். சென்சார் உடனே மறுபடி சொல்லப் போவுது" என்றாய்.

அப்படியே திருத்தினோம். அதைக் கொண்டுபோய்ப் போடும் முன்பே காய்ச்சல் என்று படுத்தாய்; எழுந்திருக்கவில்லை. உன் காரியம் முடிந்த கையோடு நானே ஆம்பூர் போனேன். அழுதுகொண்டேதான் ஏணியில் ஏறினேன்.

மழைக்காலத்தில் சூப்பர்வைசர் போன் செய்தார். "சைரன் அடிச்சிச்சும்மா. உள்ள ரெண்டு பேரு இருந்தாங்க. மேல வந்துட்டாங்க." உன்னிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது. போனில் உன் எண் வரைக்கும் போய்விட்டேன்.

இந்தப் புதுப் பெட்டியில் சிப் வேறு, அதனோடு வந்த டிரைவரும் வேறு. ஆனால் இதுவும் செவிடாகித்தான் திரும்பியது; ஓட்டை மட்டும் அதேதான்.

"மணிக்கொரு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகுற மாதிரி வெச்சு அனுப்பிடும்மா" என்றார் எங்கள் மேலாளர்.

"அது எழுந்திரிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவங்க மூச்சை அடக்கிட்டு இருப்பாங்களா சார்?"

சொன்ன பிறகுதான் உணர்ந்தேன், இப்படி எதிர்த்துப் பேசுவது நீ; நானல்ல. அவர் அவகாசம் கொடுத்தார்.

இப்போது நினைவகம் இல்லையென்று கர்னலை வேண்டுமென்றே பொய் சொல்லவைத்துச் சோதிக்கிறேன். இரண்டு முறை பெட்டி செவிடாகி விழுந்துவிட்டது. திருத்திக்கொண்டிருக்கிறேன். விழாமல் நிற்கும்வரை இது என் மேஜையை விட்டு நகராது.