சாம்பலில் தேடிய பல்

தம்பி ஹிதெனோரிக்கு,

நம் வழக்கப்படி, கடிதத்தில் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். மனம் வரவில்லை.

அப்பாவை எரித்த பிறகு, நீயும் நானும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்துக் கலசத்துக்குத் தூக்கினோம். சாம்பலில் எதுவோ மினுங்கியது. உன் பிடியை விட்டுவிட்டாய். எலும்பு விழுந்து உடைந்தது. அதை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பாவோட தங்கப் பல் எங்கங்க?" என்று தகனக்கூட ஊழியரைக் கேட்டாய்.

"அந்தச் சூட்டுல உருகித் தூளாயிடுங்க. சாம்பலோட கலந்திருக்கும்."

"அப்ப சலிச்சுக் குடுங்களேன்!"

அத்தைதான் வாயைத் திறந்தாள். "எங்கண்ணன் என்ன நம்ம சாதோ தீவு ஆத்து மணலாடா, அரிச்சுப் பொன்னெடுக்க?"

நீ கிளறிக்கொண்டே இருந்தாய்.

வருஷத்துக்கு ஒருமுறை நீ போனில் பேசிய நாலு வார்த்தையைப் பொன்தூள் போலச் சிந்தாமல் பொத்திவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்த மனிதர் அவர்.

உன் கல்யாணத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தாரே, வெட்கம் என்றா நினைத்தாய்? அதற்குப் பிறகு ஒரு தடவையாவது தீவுக்கு வந்திருந்தால் அந்த ஓட்டை உன் கண்ணில் பட்டிருக்கும்.

நீ பார்த்தபோது மினுங்கியது சவப்பெட்டியின் ஆணி. அப்பாவின் தங்கப் பல்லை உருக்கித்தான் உன் கல்யாண மோதிரம் செய்தது. சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டியிருந்தார்.

கையை நன்றாகக் கழுவிவிட்டு அதைப் பார்.

அக்கா